கொடுப்பவர் பலர், பார்ப்பவர் சிலர்

1996-இல் போஸ்ட்கிரெஸ்95 என்ற தரவுத்தள மென்பொருளுக்குப் பயனர்கள் இருந்தார்கள், பராமரிக்க ஆள் இல்லை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் அதைக் கையில் வைத்திருந்த ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்ற இரு ஆராய்ச்சி மாணவர்களும் வேறு வேலைகளுக்குப் போகும் கட்டத்தில் இருந்தார்கள். மிச்சமிருந்தது சி மொழியில் எழுதிய சுமார் இரண்டரை லட்சம் வரி நிரல். இதை இனி யார் நடத்துவது என்ற பேச்சு எழுந்தபோது ஜாலி சென் தெரிவித்த கருத்து அந்தத் திட்டத்தின் வரலாற்றில் நிலைத்துவிட்டது. நிறைய நேரம் உள்ள ஒரு சிலர் போதும், கொஞ்சம் நேரம் உள்ள பலரால் இது ஆகாது என்பது அதன் சாரம். திறமூல மென்பொருளைப் புகழ்பவர்கள் வழக்கமாகச் சொல்வது இதற்கு நேர்மாறானது: ஊர் கூடினால் தேர் நகரும் என்பார்கள். நகரும்தான். ஆனால் வடம் பிடிக்க ஆயிரம் பேர் வந்தாலும், சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை கொடுத்துத் தேரைத் திருப்பவும் நிறுத்தவும் தெரிந்த நாலு பேர் இல்லாவிட்டால் தேர் தெருமுனையைத் தாண்டாது. இன்று போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்று அறியப்படும் அந்த மென்பொருளின் முப்பதாண்டுக் கதையும் இதையே சொல்கிறது. பலருடைய கொஞ்ச நேரத்துக்குப் பயன் கிடைக்கச் செய்தது சிலருடைய நிறைய நேரம். அதில் பெரும்பங்கு புதிதாக எழுதுவதில் செலவாகவில்லை, பிறர் எழுதிக் கொடுத்ததை வாங்கிப் பார்ப்பதில் செலவாயிற்று. தன்னார்வலரை எப்படி ஈர்ப்பது என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் அழைப்பிதழைப் பற்றியே யோசிக்கிறார்கள். வருபவரை வாசலில் யார் எதிர்கொள்வது என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது.

இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை பெர்க்லியே ஒருமுறை அனுபவித்திருக்கிறது. இங்க்ரெஸ் என்ற முன்னோடித் தரவுத்தளத்தை உருவாக்கிய மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர், 1986-இல் போஸ்ட்கிரெஸ் என்ற புதிய ஆய்வைத் தொடங்கினார். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தார்பா, தேசிய அறிவியல் அறக்கட்டளை போன்ற அமைப்புகள் பணம் கொடுத்தன. மாணவர்கள் மாறி மாறி வந்து எழுதினார்கள். 1989 ஜூனில் முதல் பதிப்பு வெளியாட்கள் சிலர் கைக்குப் போயிற்று. பயனர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய் 1993-இல் மட்டும் ஏறக்குறைய இரட்டிப்பானது. எந்த நிறுவனமும் கொண்டாடியிருக்கும் செய்தி இது. பெர்க்லியிலோ இதுவே திட்டத்துக்கு முடிவு கட்டியது. பயனரின் கேள்விகளுக்குப் பதில் சொல்வதும் பிழைகளைத் திருத்துவதும் ஆராய்ச்சி நேரத்தைத் தின்றுவிட்டதால், 4.2 பதிப்போடு திட்டத்தை அதிகாரபூர்வமாக முடித்துக்கொண்டார்கள். மென்பொருளில் பெரிய குறை கண்டு யாரும் அதைக் கைவிடவில்லை. விரும்பி வந்தவர்களைக் கவனிக்க ஏற்பாடு இல்லை, அவ்வளவுதான். பல்கலைக்கழகத்தின் வேலை ஆய்வுக் கட்டுரையும் பட்டமும். வாசலில் நிற்கும் பயனருக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

1994-இல் யூவும் சென்னும் அந்த நிரலை எடுத்து, அதன் பழைய வினவல் மொழிக்குப் பதிலாக எஸ்கியூஎல் மொழியைப் பொருத்தி, நிரலின் அளவைக் கால்வாசி குறைத்துப் போஸ்ட்கிரெஸ்95 ஆக்கினார்கள். அவர்களிடமிருந்து அது கைமாறியதுதான் இந்த வரலாற்றின் திருப்பம். கனடாவில் இருந்த மார்க் ஃபோர்னியே தன் கணினியில் இடம் கொடுத்தார். பல்கலைக்கழகத்துக்கு வெளியே முதல் மேம்பாட்டு சர்வர் 1996 ஜூலை 8 அன்று ஓடத் தொடங்கியது. பிலடெல்பியா பக்கத்திலிருந்து புரூஸ் மாம்ஜியன், கலிபோர்னியாவின் பசடேனாவிலிருந்து தாமஸ் லாக்கார்ட், சைபீரியாவின் கிராஸ்னயார்ஸ்க் நகரிலிருந்து வதிம் மிகேயெவ் ஆகியோர் சேர்ந்துகொண்டார்கள். இதற்காக யாரும் அவர்களுக்குச் சம்பளம் தரவில்லை. 1997 ஜனவரியில் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற புதுப் பெயரோடு 6.0 பதிப்பு வந்தது. சென் கேட்ட ‘நிறைய நேரம் உள்ள சிலர்’ கிடைத்துவிட்டார்கள் என்று இதைப் படிக்கலாம். ஆனால் இந்த நால்வரும் எல்லாவற்றையும் தாங்களே எழுதித் தள்ளியிருந்தால் இன்றைய போஸ்ட்கிரெஸ் உருவாகியிருக்காது. வெளியிலிருந்து வந்த திருத்தங்களைப் படித்துச் சேர்ப்பது, செய்ய வேண்டியவற்றைப் பொதுவில் பட்டியலிட்டு வைப்பது, கேட்டவருக்குப் பதில் எழுதுவது ஆகிய மூன்றும் அவர்களின் அன்றாட வேலையாயின. மாம்ஜியன் பல ஆண்டுகள் பராமரித்த அந்தப் பட்டியல், புதிதாக வருபவர் எங்கே கை வைக்கலாம் என்பதைக் காட்டும் பலகையாக இருந்தது.

அதன்பின் வந்து சேர்ந்தவற்றைப் பார்த்தால், அவரவர் தேவையே அவரவரைக் கொண்டுவந்தது என்பது புலப்படும். ஒருவர் ஒரு தகவலை மாற்றிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் காத்திருக்காமல் அதன் பழைய வடிவத்தைப் படிக்க முடியும் என்ற ஏற்பாட்டை, மிகேயெவ் 1999 ஜூனில் வந்த 6.5 பதிப்புக்காக உருவாக்கினார். வணிக உலகம் போஸ்ட்கிரெஸைத் திரும்பிப் பார்த்ததற்கு அது முக்கியக் காரணம். மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் வானியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஓலெக் பார்த்துனோவ், தியதோர் சிகாயெவோடு சேர்ந்து முழு உரைத் தேடலுக்கும் புதிய வகை அட்டவணைக் குறியீடுகளுக்கும் அடித்தளம் போட்டார். நமக்கு நெருக்கமானது ஜப்பானின் தத்சுவோ இஷி செய்தது. ஒரு எழுத்துக்கு ஒரு பைட் என்ற அமெரிக்க அனுமானத்தில் எழுதப்பட்ட மென்பொருளில் ஜப்பானிய எழுத்து ஒழுங்காகப் புழங்க முடியாது. எழுத்தை நடுவில் வெட்டிவிடும், தேடினால் தப்பான இடத்தில் பொருத்தும். 1998 வாக்கில் பல பைட் எழுத்துகளைக் கையாளும் வேலையை இஷி செய்துகொடுத்தார். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் ‘தி’ என்ற தமிழ் எழுத்து தகரத்துக்கு மூன்று, இகரக் குறிக்கு மூன்று என ஆறு பைட் பிடிக்கும். ஜப்பானியருக்காகத் திறந்த அந்த வழியில்தான் தமிழும் உள்ளே வந்தது. தமிழ்ப் பெயர்களைச் சேமிக்கும் தரவுத்தளம் வேண்டும் என்று அன்று யாரும் அங்கே கேட்டிருக்கத் தேவையில்லை. தன் மொழிக்காக ஒருவர் சரியாகச் செய்த வேலையை வாங்கிப் பார்த்துப் பொதுவாக்கத் தெரிந்தவர்கள் எதிரே இருந்தார்கள். இஷியின் திருத்தம் அவர் கணினியிலேயே தங்கியிருந்தால் ஜப்பானுக்கென்று ஒரு தனிப்பிரதி உருவாகியிருக்கும், ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் அதை மறுபடி ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

வாங்கிப் பார்க்கும் வேலைக்கு ஒரு முகம் வேண்டுமென்றால் அது டாம் லேனுடையது. படங்களுக்கான ஜேபெக் நூலகத்தின் வழியாக ஏற்கெனவே பெயர் பெற்றிருந்த அவர், 1998 வாக்கில் இங்கே வந்தார். பிழை அறிக்கை ஒன்றைப் படித்து, மூலத்தைத் தேடிப்பிடித்து, ஏன் அப்படி நடக்கிறது என்று விளக்கி, திருத்தத்தையும் போட்டுவிடும் அவருடைய வேகம் போஸ்ட்கிரெஸ் வட்டத்தில் பழமொழி போல ஆகிவிட்டது. ஆனால் இப்படி ஒரு சிலரை மட்டும் நம்பியிருப்பதன் விலை 8.3 பதிப்பில் தெரிந்தது. புதிய வசதிகளுக்கு 2007 ஏப்ரலில் கதவு அடைக்கப்பட்டது. பதிப்பு வெளிவந்தது 2008 பிப்ரவரி 4 அன்று. இடைப்பட்ட பத்து மாதத்தில் பெரும்பகுதி, கடைசி நேரத்தில் வந்து குவிந்த பெரிய பெரிய பேட்ச்களை, அதாவது திருத்தத் தொகுப்புகளை, படித்து முடிப்பதிலேயே போயிற்று. எழுதுவதற்கு உற்சாகமான ஆட்கள் நிறைய. படித்துச் சொல்ல விரல்விட்டு எண்ணும் அளவுக்கே ஆள். தங்கள் பேட்ச் என்ன ஆயிற்று என்று தெரியாமல் மாதக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு, ‘பங்களிக்க வாருங்கள்’ என்ற அழைப்பு எப்படிக் கேட்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அதற்குக் கண்ட மருந்துதான் 2008-இல் தொடங்கிய கமிட்ஃபெஸ்ட். ஆண்டில் சில மாதங்களை ஒதுக்கி, அந்த மாதத்தில் புதிதாக எழுதுவதைத் தள்ளிவைத்து, வந்திருக்கும் பேட்ச்களைப் பார்ப்பது மட்டுமே வேலை என்று வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு பேட்சுக்கும் ஒரு நிலை உண்டு: மதிப்பாய்வு தேவை, எழுதியவருக்காகக் காத்திருக்கிறது, கமிட்டருக்கு (நிரலில் சேர்க்கும் அதிகாரம் உள்ளவருக்கு) தயார், குறிப்புகளோடு திருப்பப்பட்டது. அற்பமான குமாஸ்தா வேலை போலத் தோன்றினாலும், பந்து இப்போது யார் கையில் என்பதை இந்த நிலைகள் பகிரங்கமாகச் சொல்லிவிடுகின்றன. தன் திருத்தம் நிராகரிக்கப்பட்டது என்று தெரிந்தவர் அடுத்த முறை வரலாம். பதிலே வராதவர் வரமாட்டார். கூடவே ஒரு மரபும் ஏற்பட்டது: ஒரு பேட்ச் கொடுப்பவர் ஏறத்தாழ அதே அளவு சிக்கலான வேறொருவரின் பேட்ச் ஒன்றைப் பார்த்துத் தர வேண்டும். பார்ப்பது என்றால் என்ன? பேட்சை இறக்கி, இன்றைய மூல நிரலின் மேல் பொருத்திப் பார்க்க வேண்டும். இடையில் நிரல் மாறியிருந்தால் பல நேரம் அது பொருந்தாது. பொருந்தினால் கம்பைல் செய்து, ‘மேக் செக்’ என்று கொடுத்தால் நூற்றுக்கணக்கான சோதனைகள் ஓடும். எதிர்பார்த்த விடைக்கும் கிடைத்த விடைக்கும் உள்ள வித்தியாசம் ஒரு கோப்பில் விழும். பிறகு மதிப்பில்லாத வெற்றுத் தகவல் வந்தால் என்ன ஆகும், இரண்டு பேர் ஒரே நேரத்தில் செய்தால் என்ன ஆகும், நடுவில் மின்சாரம் போனால் என்ன ஆகும், கையேட்டில் எழுதியது உண்மைதானா என்று வரிசையாகக் கேட்க வேண்டும். இதில் முதல் பாதிக்குத் தரவுத்தளத்தின் உள்ளுறுப்பு எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை. மாணவர் ஒருவர் ஒரு மாலையில் செய்துவிடலாம். ஜாலி சென் பயனற்றது என்று தள்ளிய ‘கொஞ்சம் நேரம்’ இங்கே பயனுள்ளதாயிற்று.

இதேபோல, நிரல் எழுதாதவரின் பங்களிப்புக்கும் 2004-இலேயே ஒரு வழி கிடைத்திருந்தது. ஆண்ட்ரூ டன்ஸ்டன் தொடங்கிய பில்ட்ஃபார்ம் என்ற ஏற்பாட்டில், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளைக் கொடுக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலங்கின் பெயர். புதிய திருத்தம் சேர்ந்திருந்தால் அவை தாமாக மூலத்தை எடுத்துக் கட்டிச் சோதித்து, தேறியதா இல்லையா என்று அறிவித்துவிடும். யாரோ ஒருவர் வீட்டில் ஓடும் பழைய, அரிதான செயலி கொண்ட கணினியில் தவறினாலும் அது எல்லோருக்கும் தெரிந்துவிடும். மனிதர் பார்க்க வேண்டிய சுமையில் ஒரு பகுதியை இயந்திரம் எடுத்துக்கொண்டதால், மனிதர் மற்றதைப் பார்க்க முடிந்தது. வெளியீட்டுக் குறிப்பில் ஒவ்வொரு மாற்றத்தின் பக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் செய்தவரின் பெயரைப் போடும் வழக்கம் பழையது. பிற்காலத்தில் மதிப்பாய்ந்தவர், சோதித்தவர், பிழையைத் தெரிவித்தவர் ஆகியோருக்கும் பெயர்ப்பட்டியலில் இடம் வந்தது. பிழை சொன்னவரையும் பங்களிப்பாளர் என்று அச்சில் ஒப்புக்கொள்ளும் மென்பொருள் நிறுவனங்கள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். இன்று போஸ்ட்கிரெஸை எழுதுபவர்களில் பெரும்பாலோர் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள். பெரிய மேகக்கணினி நிறுவனங்களும் போஸ்ட்கிரெஸ் ஆதரவு நிறுவனங்களும் அவர்களுக்கு ஊதியம் தருகின்றன. எனவே தன்னார்வம் என்பது தொடக்க காலத்துப் பழங்கதை என்பார்கள். பாதி உண்மை. பெரிய வேலைகளை முழுநேர ஊழியர்களே செய்கிறார்கள் என்பதை மறுப்பதற்கில்லை, சென் சொன்ன ‘நிறைய நேரம்’ இப்போது சம்பளத்தின் வடிவில் வருகிறது. ஆனால் அந்த ஊழியரும் அதே வாசல் வழியாகத்தான் வர வேண்டும். எந்த நிறுவனத்தின் பேட்ச் ஆனாலும் பொதுவில் வைத்து, வேறு நிறுவனத்துக்காரர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லியே சேர்க்க முடியும். 2000-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் கிரேட் பிரிட்ஜ் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டு, போஸ்ட்கிரெஸை வழிநடத்தும் மையக் குழுவினர் சிலரை வேலைக்கு எடுத்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரிலேயே மூடப்பட்டது. திட்டம் தடுமாறவில்லை. டாம் லேன் ரெட் ஹேட்டுக்குப் போனார், வேலை தொடர்ந்தது. மையக் குழுவில் பாதிக்கு மேற்பட்டோர் ஒரே நிறுவனத்தில் இருக்கக் கூடாது என்ற எழுதாத விதி நெடுங்காலமாக உண்டு. 2020-இல் எண்டர்பிரைஸ்டிபி நிறுவனம் செகண்ட்குவாட்ரன்ட்டை வாங்கியபோது ஐவரில் மூவர் ஒரே கூரையின் கீழ் வந்துவிட்டார்கள். வேறு நிறுவனங்களிலிருந்து இருவரைச் சேர்த்துக் குழுவை எழுவராக்கி விதியைக் காப்பாற்றினார்கள். உரிமையாளர் இல்லாத இடத்தில்தான் வெளியாள் தயங்காமல் உழைப்பார் என்பதை அவர்கள் கோட்பாடாகச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை, கணக்குப் பார்த்துச் செயல்பட்டார்கள்.

உரிமையாளர் இருந்த இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளம் சாட்சி. 1995-இல் சுவீடனில் பிறந்த அது, 2000-களில் போஸ்ட்கிரெஸைவிடப் பன்மடங்கு புகழ் பெற்றிருந்தது. தன்னார்வலர் எண்ணிக்கைக்கும் புகழுக்கும் நேரடித் தொடர்பில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் நிரல் ஒரே நிறுவனத்தின் சொத்து, வணிக உரிமமும் விற்றார்கள் என்பதால், வெளியாள் கொடுப்பதன் உரிமையையும் நிறுவனத்துக்கு எழுதித்தர வேண்டியிருந்தது. 2008-இல் சன் நிறுவனம் அதைச் சுமார் நூறு கோடி டாலருக்கு வாங்கியது. 2010-இல் சன் ஆரக்கிளின் கைக்குப் போனது. அதற்கு முன்பே நிறுவனர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் விலகி, 2009-இல் அதே நிரலிலிருந்து மரியாடிபியைத் தொடங்கிவிட்டார். போஸ்ட்கிரெஸை அப்படி வாங்க முடியாது. விற்க ஆளில்லை.

இதைவிடக் கடினமான மறுப்பு எஸ்கியூலைட். 2000-இல் ரிச்சர்ட் ஹிப் தொடங்கிய இந்தச் சிறு தரவுத்தளம் இன்று ஏறக்குறைய ஒவ்வொரு கைபேசிக்குள்ளும் இருக்கிறது. நிரலை எவரும் எடுத்துக்கொள்ளலாம், அதற்குக் காப்புரிமை என்ற பேச்சே கிடையாது. ஆனால் வெளியார் தரும் நிரலை அவர்கள் வாங்குவதில்லை. திறந்த மூலம், திறந்த பங்களிப்பு அல்ல என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார்கள். சிலர் சேர்ந்து எழுதி, அசாத்தியமான அளவில் சோதித்து, 2050 வரை பராமரிப்போம் என்றும் அறிவித்திருக்கிறார்கள். தன்னார்வலர் இல்லாமலே நல்ல தரவுத்தளம் சாத்தியம் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம். என் வாதத்தை இது உடைப்பதாக நான் நினைக்கவில்லை, இன்னும் கூர்மையாக்குகிறது. வாங்கிப் பார்க்க ஆளில்லை என்றால் வாங்காமல் இருப்பதே நேர்மை. வாருங்கள் என்று பலகை வைத்துவிட்டு வந்தவரின் பேட்சை ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போடும் எத்தனையோ திட்டங்களைவிட, வேண்டாம் என்று முதலிலேயே சொல்லும் ஹிப் தன்னார்வலருக்கு நல்லது செய்கிறார். அதேசமயம் ஒரே கோப்புக்குள் அடங்கும் எஸ்கியூலைட்டுக்குப் பொருந்துவது எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ஜப்பானிய எழுத்தையும் ரஷ்யச் சொற்களையும் நிலவரைபடப் புள்ளிகளையும் தாங்க வேண்டிய பெரிய தரவுத்தளத்தை, ஒரு அறையில் உட்கார்ந்திருக்கும் சிலர் மட்டும் கற்பனை செய்து முடித்துவிட முடியாது.

மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார்கள்: தாராள உரிமம் தன்னார்வலரை ஏமாற்றுகிறது, அவர்கள் இலவசமாகத் தருவதைப் பெரிய நிறுவனங்கள் எடுத்து விற்கின்றன என்று. நடப்பதுதான். அமேசானின் ரெட்ஷிஃப்ட் உட்படப் பல மூடிய தயாரிப்புகளின் வேர் போஸ்ட்கிரெஸ் நிரலில் இருக்கிறது. இதைத் தடுக்கவென்று மாங்கோடிபி, ரெடிஸ் என்ற வேறு இரு தரவுத்தளங்கள் முறையே 2018-இலும் 2024 மார்ச்சிலும் தங்கள் உரிமங்களை இறுக்கின. ரெடிஸ் அறிவித்த அதே மாதத்தில், அதில் உழைத்தவர்கள் பலர் பழைய உரிமத்தோடு வால்கீ என்ற பிரதியை லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் தொடங்கிவிட்டார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் ரெடிஸ் மறுபடி ஒரு திறமூல உரிமத்தைச் சேர்த்துக்கொண்டது. தம் உழைப்பை எவரோ விற்கிறார் என்பதைவிட, விளையாட்டின் விதியை நடுவில் ஒருவர் மாற்ற முடியும் என்பதே கொடுப்பவரை அதிகம் விரட்டுகிறது என்று இதிலிருந்து தெரிகிறது.

போஸ்ட்கிரெஸின் ஏற்பாடு பழுதில்லாதது என்று நான் சொல்ல வரவில்லை. கமிட்ஃபெஸ்ட் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அதற்கடுத்ததற்கு என்று தள்ளிப்போடப்படும் பேட்ச்கள் இன்றும் ஏராளம். சேர்க்கும் அதிகாரம் சுமார் முப்பது பேரிடம்தான் இருக்கிறது. பார்க்கும் கைக்குப் பஞ்சம் தீரவில்லை. தமிழுக்கும் இதில் ஒரு கணக்கு உண்டு. 2000-களின் பிற்பகுதியில் போஸ்ட்கிரெஸின் சில துணைக் கருவிகள் தமிழிலும் செய்தி சொல்லின, யாரோ மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தார்கள். எண்பது விழுக்காட்டுக்குக் குறைந்த மொழிபெயர்ப்பைப் பதிப்பில் சேர்ப்பதில்லை என்பது அங்கே விதி. புதிய செய்திகள் சேரச் சேரத் தொடர்ந்து மொழிபெயர்க்க ஆளில்லாமல் அவை ஒவ்வொன்றாகக் கழன்றன. மாறாக, ஸ்னோபால் என்ற திட்டத்துக்குப் போய்ச்சேர்ந்த தமிழ் அடிச்சொல் பிரிப்பான், அங்கே ஏற்கப்பட்டு, 2019 அக்டோபரில் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் 12-இல் அரபு, நேபாளி முதலிய மொழிகளோடு இடம்பிடித்தது. விகுதி களைந்து தமிழ் உரையில் தேடும் வசதி இன்று எந்த நிறுவலிலும் கூடவே வருகிறது. அது சரியாகப் பிரிக்கிறதா, எங்கே தவறுகிறது என்று உண்மையான தமிழ் உரைகளை வைத்துச் சோதித்துப் பட்டியலிட, சி மொழி தெரிந்திருக்கத் தேவையில்லை, தமிழ் தெரிந்தால் போதும். கைகொடுக்க நினைக்கும் வாசகர் புதிதாக ஒன்றை எழுதுவதற்கு முன் அதிலிருந்து தொடங்கலாம். நிரல் தெரிந்தவராக இருந்தால், அடுத்த கமிட்ஃபெஸ்டில் மதிப்பாய்வுக்குக் காத்திருக்கும் பேட்ச் ஒன்றை எடுத்துப் பொருத்தி, ‘மேக் செக்’ ஓட்டி, கண்டதை எழுதியவருக்குத் தெரிவியுங்கள்.